ஆகாயக் கப்பலும் அத்திம்பேரின் தமிழும்

நம் வயதினர் ஒவ்வொருவருக்கும் பிடிக்காத படம் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருப்போம். பிடிக்கவில்லை என்று மட்டும் ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்போம். என்னுடையது ஓர் ஆங்கிலப் படம். விண்வெளியில் நடக்கும் கதை, பயமுறுத்துவதற்கென்றே எடுக்கப்பட்டது. என் பன்னிரண்டாவது பிறந்தநாளன்று அதைப் பார்த்தேன். அதன் பிறகு ராக்கெட்டோ வேற்றுக் கிரகமோ வருகிற எந்தப் படத்தையும் நான் பார்த்ததில்லை. காரணம் கேட்டவர்களிடம் அந்த மாதிரிப் படங்கள் பொய் சொல்கின்றன என்பேன். பயம் அந்தக் கோடையோடு போய்விட்டது. ஏமாற்றப்பட்டோம் என்ற எரிச்சல் மட்டும் போகவில்லை.

சென்ற மழைக்காலத்தில் அதை மறுபடியும் பார்க்க நேர்ந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது நாங்கள் கொச்சியில், மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் அப்பா, அம்மா, நான். மாடியில் அப்பாவின் அக்காவான அத்தையும் அவள் கணவர் அத்திம்பேரும். பாலக்காட்டிலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் அந்தத் தெருவில் இன்னும் சில இருந்தன. பின்சுவரை ஒட்டி ஒரு சுக்குக் கிடங்கு. கோடையில் அதன் முற்றத்தில் சுக்கைப் பரப்பிக் காயவைப்பார்கள். எங்கள் தலையணை, சீருடை, பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் அந்தக் காரம் ஏறியிருக்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான் புத்தகத்தைத் திறந்தால் தும்முவாள். எனக்கு வாசனையே தெரிந்ததில்லை. வீட்டைவிட்டு வெகுகாலம் விலகியிருந்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

அத்திம்பேருக்குத் தீவில் வேலை. வெல்லிங்டன் தீவு என்று முழுப்பெயரை நாங்கள் யாரும் சொல்வதில்லை. கப்பல் சரக்குகளைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் அவர் மூத்த குமாஸ்தா. காலையில் படகில் போவார். வந்து நிற்கும் கப்பல்களில் ஏறி, கேப்டன்களோடு ஆங்கிலத்தில் பேசி, கையெழுத்து வாங்கி, மாலையில் படகிலேயே திரும்புவார். ஆகவே எங்கள் தெருவில் ஆங்கிலம் என்றால் அத்திம்பேர்தான். மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, எங்கிருந்தோ வந்த தந்தி, வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த டப்பா, எல்லாம் அவரிடம்தான் வரும். மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுதும் வாசிப்பார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, ஓரிரண்டு வாக்கியம் தமிழில் சொல்வார்.

"இத்தனை எழுத்து இருக்கே, இவ்வளவுதானா சொல்லியிருக்கு?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"நோக்கு வேண்டியது இவ்வளவுதான்" என்றார்.

அவரை நாங்கள் கடுமையான மனிதர் என்று வைத்திருந்தோம். சிரித்துப் பார்த்ததில்லை. அத்தையும் அவரும் சண்டை போட்டும் பார்த்ததில்லை. சேர்ந்து உட்கார்ந்து பேசியும் பார்த்ததில்லை. சாப்பாடு ஆயிற்றா, குடை எடுத்துக்கொண்டீர்களா என்பதற்கு மேல் பேச்சு நீளாது.

அவர்களுக்கு ஒரே மகன். எனக்கு அத்தான், ஆனால் அவரை நான் பார்த்ததில்லை. நான் பிறந்த அதே சித்திரையில் அவர் கப்பலேறினார். தமக்குப் பழக்கமான ஒரு கேப்டனிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அத்திம்பேர். அத்தைக்கு அதில் சம்மதம் இருக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, தூரத்துத் துறைமுகம் ஒன்றில் கரையிறங்கியவர் திரும்பி ஏறவில்லை என்று கப்பல்காரர்கள் தெரிவித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கொச்சிக்கு வந்த ஒவ்வொரு கப்பலிலும் அத்திம்பேர் விசாரித்தார் என்று அப்பா சொல்வார். அவர் வீட்டில் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

இப்படியாக என் வயதும் அத்தானின் இல்லாமையும் ஒன்றாக வளர்ந்தன. ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்து என் உச்சந்தலையில் எண்ணெய் வைப்பாள். "இத்தனை வளர்ந்துட்டியா" என்பாள். அந்தக் குரலில் சந்தோஷம் இராது. என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் என் சடையைப் பின்னி, முறுக்கில் உடையாததாகப் பொறுக்கி என் கையில் வைத்தவளும் அவள்தான் என்பதை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

வீட்டைவிட்டுப் போனவர் பன்னிரண்டு வருஷமாகியும் திரும்பாமல், தகவலும் இல்லாமற்போனால் அவரை இறந்தவராகக் கொள்வது எங்களவர்களிடையே இருந்த வழக்கம். எரிக்க உடல் இல்லையாதலால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்வார்கள். தலைக்கு ஒரு தேங்காய். அதைத் தகனம் செய்து, மற்றக் கர்மங்களையும் முறைப்படி முடித்துவிடுவார்கள். முடிக்காவிட்டால் போனவர் எங்கும் போய்ச் சேராமல் அலைவார் என்பது நம்பிக்கை. எனக்குப் பன்னிரண்டு நிறையப் போவதை, வீட்டுக்கு ஒரு வியாதி வரப்போவதைப்போல எல்லோரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை.

பங்குனி முடிவில் ஒருநாள் சாஸ்திரிகள் வந்தார். அப்பாவும் அத்திம்பேரும் கூடத்தில் அவரோடு உட்கார்ந்தார்கள். அத்தை உள்கதவருகே நின்றாள். இன்ன நாள் சௌகரியம், இன்னின்ன சாமான் வேண்டும் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எல்லாம் செஞ்சு முடிச்சப்பறம் அவன் வந்து நின்னா?"

சாஸ்திரிகளுக்கு அதற்கும் பதில் இருந்தது. சாஸ்திரம் அதை யோசிக்காமல் விட்டுவிடவில்லை என்றார். அப்படித் திரும்பி வந்தால் அவனை அன்று பிறந்த குழந்தையாகக் கொள்ள வேண்டும்; ஜாதகர்மம் தொடங்கி, பெயர் வைப்பது, பூணூல் போடுவது என்று எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அதன் பிறகு அவன் பழையபடி வீட்டு மனுஷன்.

"அதுவரைக்கும் எங்க இருப்பான்?"

சாஸ்திரிகள் அத்திம்பேரைப் பார்த்தார். அத்திம்பேர் தரையைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் வாசல்லதான் நிக்கணும் ஆக்கும்" என்றார் சாஸ்திரிகள்.

"அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அத்தை மாடியேறிப் போனாள்.

சாஸ்திரத்தில் இதற்குத் தாயின் சம்மதம் தேவையில்லை. கர்மத்தைச் செய்கிற கர்த்தா தகப்பன்தான். சாஸ்திரிகள் இதையும் பக்குவமாக எடுத்துச் சொன்னார். அத்திம்பேர் எழுந்து அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் வாயால் சொல்லாமல் தாம் தர்ப்பையைத் தொடப்போவதில்லை என்றார். அக்கா ஒருநாளும் சொல்லமாட்டாள் என்றார் அப்பா. அது அவர்களுக்குள்ள கஷ்டம் என்று அம்மா சொன்னாள். அவளுக்கு எப்போதும் பேச்சை முடித்துவைக்கும் ஒரு வாக்கியம் கைவசம் இருக்கும்.

வாடகைக்கு டி.வி.யும் வி.சி.ஆரும் எடுத்துப் படம் பார்த்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்தில் அவை கைவண்டியில் வந்தன. மிளகுச் சாக்கு ஏற்றும் அதே வண்டி. அன்று மட்டும் டி.வி.க்குப் போர்வை சுற்றி, கயிற்றால் இரண்டு சுற்று கட்டி, மாப்பிள்ளை அழைப்புபோலப் பிள்ளைகள் கூடவே ஓடிவர அது வரும். என் பிறந்தநாளன்று அந்த வண்டி எங்கள் வாசலில் நின்றது. அத்திம்பேர் வரவழைத்திருந்தார். எல்லோரும் வியந்தோம். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு இறங்கி வந்தவள் வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அந்த வருஷம் என் வளர்ச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்று அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறேன். பன்னிரண்டு நிறைந்த அந்த நாளை ஏதாவது சத்தத்தால் நிரப்பிவிட வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அதற்கு மேல் திட்டம் எதுவும் இருந்திருக்கும் என்று நான் கருதவில்லை.

மூன்று கேசட்டுகள். ஒரு பக்திப் படம், ஒரு மலையாளச் சிரிப்புப் படம், மூன்றாவது எனக்கென்று. படிக்கிற பெண்ணுக்கு அறிவு வளரும்படியாக ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். "சயன்ஸ் படமாக்கும் சாரே, குட்டிகளுக்குக் காணிக்கலாம்" என்று கேசட் கடைக்காரச் சேட்டன் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அட்டையில் கறுத்த வானமும் ஒரு வெள்ளைக் கப்பலும் மட்டும் இருந்தன. அத்திம்பேருக்குக் கப்பல் என்றால் கப்பல்தான்.

ஜன்னல்களில் பழைய வேஷ்டிகளைக் கட்டிக் கூடத்தை இருட்டாக்கினோம். பக்திப் படத்துக்கு அம்மா கண்ணீர் விட்டாள். சிரிப்புப் படத்துக்கு அத்தைகூடச் சிரித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவதைப் போட்டார்கள். அப்பா தலையணையை இழுத்துக்கொண்டு படுத்தார். அத்திம்பேர் நாற்காலியை வி.சி.ஆரின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு விரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி உட்கார்ந்தார். யாராவது பேசினால் பொத்தானை அழுத்துவார். திரையில் முகங்கள் நடுங்கிக்கொண்டு நிற்கும். குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். அவர் தமிழில் சொல்வார். மறுபடி அழுத்துவார். படம் நகரும்.

கதை இது. வெகுதூரத்தில் ஒரு கிரகத்தைச் சுற்றியபடி ஒரு நிலையம். அதன் தலைவி ஒரு பெண். அவள் மகன் சிறிய கப்பல் ஒன்றில் கிளம்பிப்போய்க் காணாமற்போகிறான். தேடிப் பார்த்துவிட்டு, இறந்துவிட்டான் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இதற்கிடையே அந்த நிலையத்துக்குள் ஏதோ ஒன்று புகுந்துவிடுகிறது. அது மனிதர்களைத் தின்று, அவர்களுடைய உருவத்தையே போட்டுக்கொண்டு நடமாடுகிறது. ஒரு காட்சியில் ஒருவனுடைய முகம் காய்ச்சிய பாலின் ஆடையைப்போலச் சுருங்கி விலகும். நான் அதற்குப் பிறகு வெகுநாள் பாலை வடிகட்டாமல் குடித்ததில்லை. அந்த ஜந்துவைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: அதற்கு மூச்சு கிடையாது. கண்ணாடியின் முன் நிறுத்தினால் மனிதன் என்றால் ஆவி படியும். அது என்றால் படியாது. இவ்வளவையும் அத்திம்பேர் சரியாகத்தான் சொன்னார். அம்மா பாதியிலேயே சமையலறைக்கு எழுந்து போய்விட்டாள். அத்தை போகவில்லை.

பிறகு அந்த மகன் திரும்பி வந்தான். நிலையத்துக்குள் வர இரண்டு கதவுகள். வெளிக்கதவு மூடிக்கொண்டது, உள்கதவு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே, காற்றுக் குறைந்துகொண்டே வரும் ஒரு சின்ன அறையில் அவன் நின்றான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மா. உள்ளே இருந்தவர்கள் திறக்காதே, அது அவன் இல்லை என்று தடுத்தார்கள். அவன் பேசத் தொடங்கினான்.

அத்திம்பேர் பொத்தானை அழுத்தவில்லை. படம் ஓடிக்கொண்டேயிருந்தது.

"ஏன்னா, அந்தப் பையன் என்ன சொல்றான்?" என்று அத்தை கேட்டாள்.

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "திறக்க வேண்டாம்ங்கறான். நான் போயாச்சும்மா, என்னை இங்க நிறுத்தி வைக்காதேங்கறான். எனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சு அனுப்பிடுங்கறான்." சற்று நிறுத்தி, "அப்பா மேல தப்பில்லை, நானாத்தான் போனேன்கறான்" என்றும் சொன்னார்.

திரையில் அந்தப் பையன் இரண்டு முஷ்டியாலும் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தான். அழுதுகொண்டிருந்தான்.

"அத்திம்பேர், போறேன்னு சொல்றவன் எதுக்குக் கதவைக் குத்தறான்?" என்றேன்.

"கண்ணாடி தடியா இருக்கே. குத்தினாத்தான் சத்தம் கேக்கும்."

அப்பா படுத்தபடியே சிரித்தார். பையன் மெல்லச் சரிந்து கண்ணாடியின் கீழே உட்கார்ந்தான். அத்திம்பேர் வேறொரு பொத்தானை அழுத்தினார். திரை சாம்பல் நிறமாகி இரைந்தது. படம் முடிந்துவிட்டது என்றார். ஜன்னல் வேஷ்டிகளை அவரே அவிழ்த்தார். வெயில் ஒரேயடியாக உள்ளே வந்தது.

இவ்வளவுதான் எனக்கு அந்தப் படம். எவ்வளவு மட்டமான படம் என்று பள்ளி திறந்ததும் தோழிகளிடம் விவரித்தேன்: பையன் ஒன்று சொல்கிறான், அவன் கை வேறொன்று செய்கிறது.

மாலையில் கேசட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என்னையும் அழைத்துப்போனார். வழியில் எனக்கு, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். நான் கடைப் படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து அதைத் தின்றேன். உள்ளே சேட்டன், நாடா கடைசிவரை ஓடவில்லை, இன்னும் பாக்கி இருக்கிறதே என்று சொன்னது கேட்டது. நாடா அறுந்திருக்கிறதா என்று பார்க்க அதைக் கடை டி.வி.யில் போட்டார். அத்திம்பேர் வெளியே வர நேரமாயிற்று. எண்ணெய்க் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் காத்திருந்தேன். திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என் கையைப் பிடித்ததாக நினைவில்லை.

மறுநாள் காலை, காப்பித் தம்ளரை அவர் முன்னே வைத்துவிட்டு அத்தை, "செஞ்சுடுங்கோ" என்றாள். அப்பா செய்தித்தாளை இறக்கினார். அத்திம்பேர் தம்ளரை எடுக்கவில்லை. என்ன செய்ய என்று யாரும் கேட்கவும் இல்லை.

கர்மம் நடந்த நாளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. சிறுபிள்ளைகளை அயல்வீட்டில் விட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் பார்த்தேன். முதல்நாள் மாலை அத்திம்பேர் தேங்காய்க் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். அத்தை வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது சின்னது. அவனுக்குத் தலை பெரிசு" என்றாள்.

அவர் குனிந்து வேறொன்று தேடினார். அவள் பார்த்துத் தலையசைக்கும்வரை தேடினார்.

அத்தான் வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அத்தை சம்மதித்த கதை மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. சாஸ்திரம் சொல்லிக் கேட்காத என் அக்கா சினிமா சொல்லிக் கேட்டாள் என்று அப்பா கல்யாணப் பந்திகளில் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் பரிமாறியபடியே சிரிப்பாள். ஒன்றும் தெரியாத பெண், நல்ல மனசு என்பார்கள். அத்திம்பேரைப் பற்றி, காரியத்தை முடிக்கத் தெரிந்தவர், கல்நெஞ்சுக்காரர் என்பார்கள். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. இந்த இரண்டு முடிவுகளையும் யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

மட்டாஞ்சேரி வீட்டை விற்றாயிற்று. இப்போது அதில் வெளிநாட்டவர்களுக்கான காப்பிக் கடை. அத்தை தோப்பும்படியில் என் அடுக்ககத்தில் என்னோடு இருக்கிறாள். தொண்ணூறை ஒட்டிய வயது. காது கொஞ்சம் மந்தம், கண் நன்றாகத் தெரியும். சென்ற ஆடியில், விடாத மழையில் வெளியே போக முடியாமல், டி.வி.யில் பழைய படங்களின் வரிசையைத் தள்ளிக்கொண்டே போனபோது கறுத்த வானமும் வெள்ளைக் கப்பலும் வந்தன. அத்தை பகல் தூக்கத்தில் இருந்தாள். அடியில் ஆங்கில எழுத்து ஓட, தனியாகப் பார்த்தேன்.

படம் மட்டமானதல்ல. நிதானமாக, அக்கறையோடு எடுத்திருந்தார்கள். பாலாடை முகம் இப்போது பயமுறுத்தவில்லை; ரப்பர் என்று தெரிந்தது. கண்ணாடிக் காட்சி வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பையன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: திற. குளிர்கிறது, நான்தான், திற. போகிறேன் என்று அவன் ஓரிடத்திலும் சொல்லவில்லை. செய்ய வேண்டியதைச் செய் என்றும் சொல்லவில்லை. அப்பா என்ற சொல்லே அந்தப் படத்தில் முதலிலிருந்து கடைசிவரை வரவில்லை. அந்தச் சொல்லுக்காக இரண்டாவது முறையும் ஓட்டிப் பார்த்தேன்.

அத்திம்பேர் நிறுத்திய இடத்துக்குப் பிறகும் படம் இருந்தது. பையன் சரிந்து கிடக்கிறான். கண்ணாடி மங்கியிருக்கிறது, அது தன் மூச்சென்றே அம்மா இதுவரை நினைத்திருக்கிறாள். அம்மா தன் சட்டைக் கையால் அதைத் துடைக்கிறாள். துடைத்தும் மங்கல் போகவில்லை. மறுபடி துடைக்கிறாள். அவன் விட்ட மூச்சின் ஆவி அந்தப் பக்கத்தில் படிந்திருக்கிறது. வந்தது அவன்தான். படம் அங்கே முடிகிறது.

கேசட் கடையில் அவர் நின்று பார்த்தது இதைத்தான். அவர் இதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் அத்தை சம்மதம் சொன்னாள். அவர் தம் பொய்யைத் திருத்தவில்லை. தேங்காயைத் தேடி எடுத்தார். தர்ப்பைக்குத் தீ வைத்தார். அவரைக் குறை சொல்வதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். ஒரு பொய்யை நம்பி மகனுக்குக் கொள்ளி வைக்கச் சம்மதித்தவளிடம், அது பொய் என்று இந்த வயதில் போய்ச் சொல்ல வேண்டுமா?

என் தீர்மானம் அன்று மாலைவரைகூட நிற்கவில்லை. சாயாவோடு வந்து உட்கார்ந்த அத்தை, திரையில் நின்றிருந்த அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது அந்தக் கண்ணாடிப் பையன் படமில்லையோ?"

"ஞாபகம் இருக்கா, அத்தை?"

"மறக்க உங்கப்பன் விட்டானா? எத்தனை பந்தியில சொல்லிச் சிரிச்சிருக்கான். போடு, பார்ப்போம்."

வேறு நல்ல படம் போடுகிறேன் என்றேன். மழை நின்றுவிட்டது, சற்று நடந்துவிட்டு வரலாமே என்றேன். அவள் கால்களைச் சோபாவின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். போட்டேன். ரப்பர் முகத்துக்கு, "கண்றாவி" என்று சொல்லிச் சாயாவைக் குடித்தாள். பையன் கண்ணாடியின் முன் வந்து நின்றபோது தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அடியில எழுத்து ஓடறதே, படிச்சுச் சொல்லு. என்ன சொல்றான்?"

"அத்திம்பேர் அன்னிக்குச் சொன்னதுதான் அத்தை."

"அவர் சொன்னது நேக்குத் தெரியும். இவன் என்ன சொல்றான்?"

எழுத்தைப் பார்த்துச் சொன்னேன். "கதவைத் திறங்கறான். குளிர்றதாம்."

"அதான். பார்த்தாலே தெரியறதே."

"அன்னிக்கே தெரியுமா?"

"இப்படிக் குத்தறவன் போயிட்டு வரேன்னா சொல்லுவான்? பன்னெண்டு வயசுல நோக்குத் தெரிஞ்சது, பெத்த நேக்குத் தெரியாதா?" திரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "அப்பா மேல தப்பில்லைன்னு சொல்றானாம். அந்தப் படத்துல அப்பான்னு ஒரு மனுஷன் வரவே இல்லையேடி."

படத்தின் ஒலியைக் குறைத்தேன்.

"பன்னெண்டு வருஷமா என் மொகத்தைப் பார்த்து அந்தப் பேச்சை எடுக்க முடியாத மனுஷன். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரப் பையன் கெடச்சான், அவன் வாயில வச்சுச் சொல்லிட்டார். சொல்லி முடிச்சுட்டு ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீங்க யாரும் அதைப் பார்க்கல்லை, படத்தைன்னா பார்த்திண்டிருந்தேள். அதுக்கு மேல அந்த மனுஷனை எத்தனை நாள் வாசல்ல நிறுத்தறது? செஞ்சுடுங்கோன்னேன்."

கீழே சாலையில் மீன் வண்டி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டு போயிற்று. அத்தை திரையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அது கெடக்கட்டும். அவ வாயும் அசையறது பாரு. அன்னிக்கும் அசைஞ்சுது. பையன் சொன்னதைச் சொன்னார், அம்மா சொன்னதைச் சொல்லல்லை. நானும் கேக்கல்லை. அவ என்ன சொல்றா?"

படத்தைச் சற்றுப் பின்னே நகர்த்தி, எழுத்தை வாசித்தேன். எதையும் சேர்க்காமலும் விடாமலும் சொல்ல முயன்றேன்.

"திறக்க மாட்டேங்கறா. ஆனா இந்த எடத்தை விட்டு நகரவும் மாட்டேங்கறா. நீ யாரா இருந்தாலும் நான் இங்கேயே நிப்பேன்னு சொல்றா."

அத்தை அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். உதடுகள் மட்டும் அசைந்தன.

"இதை அவர் சொல்லியிருந்தார்னா நான் சம்மதிச்சிருக்க மாட்டேன்" என்றாள். கோபம் இல்லை. குழம்பில் உப்பு ஒரு கல் குறைவு என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள்.

திரையில் பையன் சரியத் தொடங்கியிருந்தான். படத்து அம்மா சட்டைக் கையை உயர்த்த இன்னும் சில நிமிஷங்களே இருந்தன. அதற்கு எழுத்து வேண்டியதில்லை, மூச்சுக் கணக்கு அத்தைக்குத் தெரியும். ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

"நிறுத்தட்டுமா அத்தை? இதுக்கு மேல ஒண்ணும் இல்லை."

"வேண்டாம்" என்றாள். "இவ எத்தனை நேரம் நிக்கறான்னு நேக்குப் பார்க்கணும்."